அடுப்படிக்கு விடுமுறை எப்போது?

2022 செப்டம்பர் 5 அன்று தென்கொரியத் தலைநகர் சோலில் ஒரு செய்தியாளர் சந்திப்பு நடந்தது. கூட்டியவர்கள் சுங்கியுன்குவான் என்ற கன்பூசியக் கல்விச்சாலையின் சடங்குக் குழுவினர். 1398-இல் நிறுவப்பட்ட அந்த அமைப்பின் சொல்லுக்குக் கொரியாவில் சடங்கு விஷயத்தில் தனி மதிப்பு உண்டு. சூசொக் பண்டிகைக்கு ஐந்தே நாள் இருந்தது. அவர்கள் அறிவித்தது இவ்வளவுதான்: முன்னோருக்குப் படைக்கும் மேசையில் எண்ணெயில் சுட்ட பண்டங்கள் இருந்தாக வேண்டும் என்பதில்லை. ஆறு வகை போதும். ஆசைப்பட்டால் ஒன்பது வரை வைக்கலாம்.

வெளியூர்க்காரருக்கு இது சமையல் குறிப்பு போலத் தோன்றும். கொரியாவில் அன்றைக்கு அது தலைப்புச் செய்தி. காரணம், ‘ஜொன்’ என்ற பண்டம். மீன் துண்டு, காய்த் துண்டு, இறைச்சி என்று ஒவ்வொன்றையும் மாவில் புரட்டி, முட்டையில் தோய்த்து, தட்டைச் சட்டியில் ஒவ்வொன்றாகச் சுட்டெடுக்க வேண்டும். ஒரு குடும்பத்துக்கும் வந்துபோகும் உறவினருக்கும் போதுமான அளவு சுட்டு முடிக்க அரை நாள் பிடிக்கும். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, எண்ணெய்ப் புகையில் கண் எரிய, அந்த அரை நாளைக் கழிப்பவர்கள் வீட்டு மருமகள்கள்.

சூசொக் என்பது சந்திர நாட்காட்டியின் எட்டாம் மாதப் பௌர்ணமி. அதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு நாள் சேர்த்து மூன்று நாள் அரசு விடுமுறை. நாடே சொந்த ஊருக்குக் கிளம்பும். 2017-இல் சூசொக்குக்கு நெடுஞ்சாலைச் சுங்கக் கட்டணத்தையே அரசு தள்ளுபடி செய்தது. ஊர் போய்ச் சேர்ந்ததும் புது அரிசி மாவில் பிறைபோலப் பிடித்த சொங்ப்யொன் கொழுக்கட்டையைப் பைன் ஊசியிலைகளின் மேல் வைத்து அவிப்பார்கள். பண்டிகைக் காலையில் முன்னோருக்குப் படையல். பிறகு கல்லறைக்குப் போய்ப் புல் வெட்டிச் சுத்தம் செய்து வணங்குவது. சொல்லும்போது எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மரபுப்படி அந்தப் பயணம் கணவன் ஊருக்கு, படையல் கணவனின் பாட்டன் பூட்டனுக்கு, சமைப்பது மனைவி, மேசைக்கு முன் விழுந்து வணங்குவது ஆண்கள். தான் பார்த்தே இராத நான்கு தலைமுறை மனிதர்களுக்காக அவள் மீன் சுடுகிறாள். பண்டிகை முடிந்த வாரம் வரும் இடுப்புவலி, தலைவலி, எரிச்சல் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கொரியர்கள் ‘பண்டிகைக் கோளாறு’ என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

சுங்கியுன்குவான் தன் அறிவிப்புக்கு ஆதாரம் தேடியது பழைய ஏடுகளில். 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த கிம் ஜாங் செங் என்ற சடங்கு நிபுணர், எண்ணெய்ப் பண்டங்களைப் படைப்பது முறையல்ல என்று எழுதி வைத்திருக்கிறார். சிவப்புப் பழம் கிழக்கே, வெள்ளைப் பழம் மேற்கே என்று மாமியார்கள் பல காலமாக அதட்டிக் கற்பித்த வரிசை எந்தச் சடங்கு நூலிலும் இல்லை என்றும் குழு சொன்னது. பழத்தை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாமாம். முன்னோர் பெயர் எழுதிய தாளுக்குப் பதில் புகைப்படம் வைத்தாலும் குற்றமில்லையாம். வாழ்நாளெல்லாம் ஜொன் சுட்ட ஒரு பெண் தன் அறுபதாவது வயதில் இந்தச் செய்தியைப் படித்திருந்தால், நிம்மதியை முந்திக்கொண்டு கோபம்தான் வந்திருக்கும். நானூறு ஆண்டுக்கு முன்பே எழுதிய விஷயத்தை எடுத்துச் சொல்ல இவ்வளவு காலமா?

இந்தக் கொரியக் கதையை உலகின் மற்ற இலையுதிர்காலப் பண்டிகைகளின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. அவற்றில் காலத்தோடு மாறாத பண்டிகை ஒன்றுகூட இல்லை. போப்பாண்டவர் மாற்றியிருக்கிறார், அமெரிக்க அதிபர் மாற்றியிருக்கிறார், ஒரு சினிமாகூட மாற்றியிருக்கிறது. அப்போதெல்லாம் எழாத ‘மரபு என்ன ஆவது’ என்ற கேள்வி, அடுப்படியில் நிற்பவள் வேலையைக் குறைக்கக் கேட்கும்போது மட்டும் எழுகிறது.

கிறிஸ்தவர்களின் அனைத்துப் புனிதர் திருநாளை எடுத்துக்கொள்ளலாம். ரோமில் ஒரு காலத்தில் அது மே 13. எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளில் நவம்பர் 1-க்கு நகர்ந்தது. ஏன் என்பதற்கு 12-ஆம் நூற்றாண்டு இறையியல் எழுத்தாளர் ஜான் பெலெத் தரும் விளக்கம் சுவையானது: மே மாதத்தில் ரோமில் குவியும் யாத்திரிகர்களுக்குப் போட உணவு போதவில்லை, அறுவடை முடிந்த பிறகு என்றால் தாராளமாகக் கிடைக்கும். வரலாற்றாசிரியர்கள் இதை அப்படியே ஏற்பதில்லை. என்றாலும், சாப்பாட்டுக்காக ஒரு திருநாளைத் தள்ளிவைப்பது அன்றைய திருச்சபை அறிஞர் ஒருவருக்கு இழுக்காகப் படவில்லை என்பது தெரிகிறது. மறுநாள் நவம்பர் 2, இறந்தோர் நினைவு நாள். அதைப் பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் க்ளூனி மடத்தின் தலைவர் ஓடிலோ தம் மடங்களில் தொடங்கிவைத்தார், அங்கிருந்து பரவியது. தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்களின் கல்லறைத் திருநாள் அதுவே. இதில் கவனிக்க ஒன்றுண்டு. கல்லறையைக் கழுவுவது, வெள்ளையடிப்பது, பூ வைப்பது, மெழுகுவர்த்தி ஏற்றுவது என்று வேலை முழுவதும் வீட்டுக்கு வெளியே நடக்கிறது. ஆண்களும் குழந்தைகளும் கையில் வாளியோடு போகிறார்கள். அடுப்புக்கு அதில் பங்கு குறைவு. அதனால் நினைவு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

அமெரிக்காவின் நன்றி நவிலும் நாள் நகர்ந்த கதையில் பக்தியே கிடையாது. நவம்பரின் கடைசி வியாழன் என்பது லிங்கன் காலத்து வழக்கம். 1939-இல் நவம்பருக்கு ஐந்து வியாழன் வந்தது. கடைசி வியாழன் 30-ஆம் தேதி. கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்கு நாள் குறைகிறது என்று கடைக்காரர்கள் முறையிட, அதிபர் ரூஸ்வெல்ட் பண்டிகையை ஒரு வாரம் முன்னே இழுத்துவிட்டார். சில மாநிலங்கள் ஏற்றன, சில மறுத்தன. ஒரே நாட்டில் இரண்டு நன்றி நாள். 1941-இல் நாடாளுமன்றம் தலையிட்டு நான்காவது வியாழன் என்று சட்டம் போட்டது. மெக்சிகோவில் நடந்ததோ இன்னும் வேடிக்கை. இறந்தோர் நாளுக்கு வீட்டில் மேடை அமைத்து, செண்டுமல்லியும் ரொட்டியும் வைப்பது அங்கே பழைய வழக்கம். (ஆயுத பூஜைக்கு நம் ஊர்க் கடைகளில் மலையாகக் குவியும் அந்த மஞ்சள் செண்டுமல்லிக்கு மெக்சிகோதான் பிறந்த மண்.) ஆனால் தலைநகர் மெக்சிகோ சிட்டியில் எலும்புக்கூடு பொம்மைகளோடு நடக்கும் பிரம்மாண்ட ஊர்வலம் 2016-இல்தான் தொடங்கியது. 2015-இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படமான ‘ஸ்பெக்டர்’ ஒரு கற்பனை ஊர்வலத்தைக் காட்டியது. மறுவருடம் நகர நிர்வாகம் அதை நிஜமாக்கிவிட்டது. இன்று சுற்றுலாப் பயணிகள் அதை ஆதிகால மரபென்று நினைத்துப் படம் பிடிக்கிறார்கள்.

இவற்றையெல்லாம் விட அழுத்தமான சான்று யூதர்களிடம் இருக்கிறது.

யூத நாட்காட்டியில் திஷ்ரி மாதம் முழுவதும் பண்டிகைதான். முதல் தேதி புத்தாண்டான ரோஷ் ஹஷானா; பத்தாம் தேதி யோம் கிப்பூர் என்ற பரிகார நோன்பு; பதினைந்தாம் தேதி பௌர்ணமியில் சுக்கோத் என்ற குடில் விழா தொடங்குகிறது. சந்திர மாதங்கள் பருவத்தை விட்டு வழுக்கிப் போகாதபடி 19 ஆண்டுகளில் ஏழு முறை ஒரு மாதம் கூட்டிக்கொள்கிறார்கள். சீன, கொரிய நாட்காட்டிகளும் இந்து நாட்காட்டியும் செய்வது இதே வேலை. அதனால் அபூர்வமான சேர்க்கைகள் நிகழ்கின்றன. 2025 அக்டோபர் 6 அன்று வந்த ஒரே பௌர்ணமிதான் கொரியருக்குச் சூசொக், சீனருக்கு நடு இலையுதிர்கால விழா, வங்காளிகளுக்குக் கோஜாகரி லட்சுமி பூஜை. அன்று மாலையே யூதர்கள் குடிலுக்குள் குடிபுகுந்தார்கள். இஸ்லாமிய நாட்காட்டி மட்டும் மாதம் கூட்டுவதில்லை. ஆண்டுக்குப் பதினோரு நாள் போல முன்னே நகர்ந்து, அதன் பண்டிகைகள் எல்லாப் பருவத்தையும் சுற்றி வருகின்றன.

விஷயத்துக்கு வருவோம். யோம் கிப்பூர் ஒருபோதும் வெள்ளிக்கிழமையோ ஞாயிற்றுக்கிழமையோ வராது. கணக்குப்படி அப்படி வர நேர்ந்தால் புத்தாண்டையே ஒரு நாள் தள்ளிவிடுவார்கள். சனிக்கிழமை சபத், அன்று அடுப்பு மூட்டக் கூடாது, வேலை செய்யக் கூடாது. யோம் கிப்பூர் அன்றும் அப்படியே. இரண்டும் அடுத்தடுத்து வந்தால் என்ன ஆகும்? தல்மூத் நூலில் இரண்டு அறிஞர்கள் இரண்டு காரணம் சொல்கிறார்கள். உல்லா என்பவர் சொல்லும் காரணம் காய்கறி: பறித்து வைத்த கீரையும் காயும் இரண்டு நாளில் வாடிவிடும். இன்னொருவர் சொல்லும் காரணம் பிணம்: இறந்தவரை இரண்டு நாள் புதைக்க முடியாமல் போகும். ஆண்டின் மிகப் புனிதமான நாளை, கீரை வாடுமே என்பதற்காக நகர்த்தலாமா என்று அந்த அறிஞர்கள் கூச்சப்படவில்லை. குளிர்சாதனப் பெட்டி வந்த பிறகும் விதி நீடிக்கிறது. சமையல்கட்டின் கஷ்டத்தை வானியல் கணக்குக்கு மேலே வைத்த ஒரு மதம், அதனால் தன் நம்பிக்கையை இழந்துவிடவில்லை.

வேலையைக் குறைக்க ஒரு வழி, பண்டத்தைக் கடையில் வாங்கிவிடுவது. சீனாவில் நடு இலையுதிர்கால விழாவின் நிலாப் பணியாரத்தை இப்போது வீட்டில் சுடுபவர் அபூர்வம், எல்லாம் பேக்கரிதான். 2008 முதல் அந்த நாளுக்கு அரசு விடுமுறையும் கிடைத்துவிட்டது. அடுப்படிப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. பட்டுத்துணி விரித்த பெட்டி, அதற்குள் தேயிலை, மது, அதற்கும் நடுவில் நான்கு பணியாரம் என்று அது அதிகாரிகளுக்குக் கொடுக்கும் அன்பளிப்பாக மாறிவிட்டது. 2013-இல் அரசுப் பணத்தில் நிலாப் பணியாரம் வாங்கவே கூடாது என்று கட்சியின் ஒழுங்கு ஆணையம் தடை போட வேண்டியிருந்தது. 2022-இல் 500 யுவானுக்கு மேல் விலையுள்ள பெட்டிகளைக் கண்காணிக்கவும், அடுக்கடுக்காகச் சுற்றும் ஆடம்பரத்தைக் கட்டுப்படுத்தவும் விதிகள் வந்தன. தீபாவளி நேரத்தில் சென்னையின் நிறுவனங்களுக்கு இடையே பறக்கும் உலர்பழப் பெட்டிகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

ஜப்பானில் இவ்வளவு ஆர்ப்பாட்டம் இல்லை. இலையுதிர்காலச் சம இரவுநாளையொட்டிய ஏழு நாள் ஹிகான். கல்லறைக்குப் போய் நீரூற்றிக் கழுவி, அவரை விழுதில் உருட்டிய சோற்றுருண்டை படைப்பார்கள். முன்னோரை நினைக்கும் நாள் என்று குறிப்பிட்டு 1948-இல் சட்டமே அந்தச் சம இரவுநாளுக்கு விடுமுறை தந்தது. உருண்டை கடையில் கிடைக்கிறது. யாரும் அதைப் பெரிதுபடுத்துவதில்லை.

கம்போடியா காட்டும் வழி வேறு. அங்கே ப்சும் பென் என்பது பதினைந்து நாள் விழா. தேய்பிறையில் தொடங்கி அமாவாசையில் முடியும். பெரும்பாலும் நம் மகாளய பட்சமும் அதே பதினைந்து நாள்தான். நரகத்தில் பசியோடு அலையும் முன்னோர் அந்த நாள்களில் பூமிக்கு வருவதாக நம்பிக்கை. விடியுமுன் விகாரையைச் சுற்றி வந்து, ஒட்டரிசிச் சோற்றை எள் சேர்த்துப் பிடித்த உருண்டைகளை இருட்டில் வீசுகிறார்கள். எள்ளும் சோற்றுருண்டையும் பசித்த பிதிரரும் தமிழர்களுக்கு அறிமுகம் தேவைப்படாதவை. ஆனால் வேலைப் பங்கீடு அங்கே வித்தியாசமானது. முதல் பதினான்கு நாளும் ஊர்க் குடும்பங்கள் முறைவைத்துக்கொள்கின்றன. இன்றைக்கு இந்தக் கூட்டத்தார், நாளைக்கு அந்தத் தெருக்காரர் என்று பிக்குகளுக்கான உணவு மாறி மாறி வருகிறது. பதினைந்தாம் நாள் எல்லோரும் சேர்ந்து கூடுகிறார்கள். அங்கேயும் சமைப்பது பெரும்பாலும் பெண்களே, சந்தேகமில்லை. என்றாலும் ஒருத்தி தனியாக, மூடிய அறையில், அடுத்தவள் செய்வதோடு ஒப்பிடப்பட்டுக்கொண்டே சமைப்பதில்லை.

பண்டிகைச் சமையல் என்றாலே சுமை என்று சொல்வதும் நியாயமல்ல. கூடி உட்கார்ந்து சொங்ப்யொன் பிடிப்பதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது. அதிரசப் பாகு சரியான பதத்தில் வந்துவிட்டதா என்று தண்ணீர்க் கிண்ணத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கும் பாட்டியின் முகத்தில் தெரிவது பெருமிதம். கைப்பக்குவம் கடையில் கிடைக்காது. கேள்வி அதுவல்ல. அந்த வேலையை வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவளுக்கு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இருந்தால் அது சந்தோஷம்.

தமிழ் வீடுகளில் தீபாவளிப் பலகாரம் இந்த உரிமையை ஏறக்குறைய வென்றுவிட்டது. முறுக்கு பிழிய ஆள் வைப்பதும், சமையற்காரரிடம் கிலோ கணக்கில் சொல்லிவைப்பதும், மகளிர் சுய உதவிக் குழுக்களிடம் வாங்குவதும் இன்று யாருக்கும் அவமானமில்லை. சுடும் கை இன்னும் பெண்ணின் கைதான். ஆனால் இப்போது அதற்குக் கூலி கிடைக்கிறது. இதைப் பண்பாட்டுச் சீரழிவு என்று புலம்புபவர்கள் ஒரே ஒரு வருடம் தாங்களே நாழியைப் பிடித்துப் பிழிந்துவிட்டு வந்து பேசலாம்.

மகாளய அமாவாசை அப்படி மாறவில்லை. புரட்டாசி மாதம் ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையிலும், ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்திலும், வேதாரண்யம் கடற்கரையிலும் விடியற்காலையில் ஆயிரக்கணக்கானோர் திரள்கிறார்கள். எள்ளும் தண்ணீரும் இறைப்பவர் ஆண். அரை மணியில் முடிந்துவிடும். அவர் வீடு திரும்பும்போது வாழைக்காய், பாகற்காய், புடலங்காய், பயத்தம்பருப்புப் பாயசம், வடை என்று இலை நிறையத் தயாராக இருக்க வேண்டும். அதுவரை சமைப்பவளுக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது பல வீடுகளில். வெங்காயம், பூண்டு, முட்டைக்கோஸ், கேரட் என்று சேர்க்கக் கூடாதவற்றின் பட்டியல் எல்லோருக்கும் மனப்பாடம். எவ்வளவு இருந்தால் போதும் என்ற பட்டியல் மட்டும் எவரிடமும் இல்லை.

இத்தனைக்கும் நம் சாத்திரக்காரர்களும் கிம் ஜாங் செங் போலவே முன்யோசனைக்காரர்கள். சமைக்க இயலாதவர் அரிசியும் காயும் பச்சையாகத் தானம் கொடுத்துவிடலாம். அதற்கு ஆம சிராத்தம் என்று பெயர். அதுவும் முடியாவிட்டால் காசு கொடுத்துவிடலாம். அது ஹிரண்ய சிராத்தம். ஒன்றுக்கும் வழியில்லையென்றால் எள்ளும் நீரும் போதும் என்பதும் சொல்லப்பட்டதே. சலுகை ஏட்டில் இருக்கிறது. அதைப் புரோகிதர் எப்போது எடுத்துச் சொல்கிறார் என்று பார்த்தால், வீட்டில் பெண் இல்லாதபோதுதான். சமைக்க ஒருத்தி இருக்கிறாள் என்றால் ‘இயலாமை’ என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஊர் கூடிச் சமைக்கும் முறைக்கும் தமிழகத்திலேயே உதாரணம் உண்டு. ஐப்பசிப் பௌர்ணமியில் சிவன் கோயில்களில் அன்னாபிஷேகம். கங்கைகொண்ட சோழபுரத்தில் அந்தப் பெரிய லிங்கத்தை மூட மூட்டை மூட்டையாக அரிசி வேக வேண்டும். பக்தர்கள் அரிசி கொடுக்கிறார்கள். கோயிலில் கொப்பரைகள் ஏறுகின்றன. பிறகு அந்தச் சோறு வந்தவர்க்கெல்லாம் போகிறது. அங்கே கரண்டி பிடிப்பவர் ஆண். ஆணுக்குச் சமையல் வராது என்ற வாதம் கோயில் மடைப்பள்ளி வாசலோடு நின்றுவிடுகிறது.

பண்டிகைக்கு விடுமுறை வேண்டும் என்ற கோரிக்கை இப்போது உலகெங்கும் ஓங்கி ஒலிக்கிறது. நியூயார்க் நகரப் பள்ளிகளுக்குத் தீபாவளி விடுமுறை தரும் சட்டத்தில் அந்த மாநில ஆளுநர் 2023 நவம்பரில் கையெழுத்திட்டார். நல்ல செய்திதான், புலம்பெயர்ந்தோர் பல ஆண்டுகள் போராடிப் பெற்றது. ஆனால் அரசாணை பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் மட்டுமே பூட்டுப் போடும். வேலைக்குப் போகும் பெண்ணுக்கு விடுமுறை நாள் என்பது அலுவலகத்தில் இருந்து அடுப்படிக்கு மாற்றல் உத்தரவாக வந்து சேர்கிறது. அடுப்படிக்கான உத்தரவைப் போட வேண்டியவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள்.

கொரியாவில் அவர்கள் வாய் திறந்த பிறகு அடுத்தடுத்துக் கதவுகள் திறந்தன. 2023 மே 11 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம், முன்னோர் சடங்குக்குத் தலைமை ஏற்கும் உரிமையில் மூத்த மகனுக்கு முன்னுரிமை என்ற தன் பழைய தீர்ப்பை மாற்றியது. வாரிசுகளுக்குள் உடன்பாடு இல்லையென்றால், ஆணோ பெண்ணோ, நெருங்கிய வாரிசுகளில் வயதில் மூத்தவருக்கே உரிமை என்றது. அதே ஆண்டு நவம்பரில் சுங்கியுன்குவான் நினைவு நாள் படையலுக்கும் எளிய முறையை வெளியிட்டது: நள்ளிரவுக்குப் பதில் மாலையிலேயே நடத்தலாம், தாய் தந்தை இருவர் நினைவு நாளையும் சேர்த்தே நடத்தலாம், வீட்டிலுள்ள எல்லோரும் சேர்ந்து சமைக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இப்படியொரு தாளை வெளியிடத் தகுதியுள்ள மடங்களும் ஆதீனங்களும் நிறையவே இருக்கின்றன. எந்த அமாவாசைக்கு எந்த நேரம் உகந்தது என்று நாழிகை சுத்தமாகச் சொல்லும் பஞ்சாங்கக்காரர்களும் இருக்கிறார்கள். வருகிற புரட்டாசிக்குள், ‘ஒரு கூட்டு, ஒரு பொரியல், ஒரு பாயசம் போதும், சமைப்பவர் வெறும் வயிற்றோடு இருக்கத் தேவையில்லை, மகன்களும் காய் நறுக்கலாம்’ என்று அவர்களில் ஒருவராவது அச்சிட்டுக் கொடுக்கட்டும்.